அன்பளிப்பா? விற்பனையா?
கடல் கடக்கும் பார்சலுக்கு ஒரு காகிதம்

"அக்கா! பார்சல் மேலே 'அன்பளிப்பு' என்று எழுதிவிடுங்கள். விலையையும் 3 ஆயிரம் ரூபாய் என்று குறைத்துப் போடுங்கள். இங்கே எனக்கு வரி வராது!"

செல்போனில் இப்படிப் பேசுகிறவர் கனடா நாட்டில், டொரண்டோ நகரில் வாழும் ஒரு தமிழ்ப் பெண். அவருடைய தம்பிக்குக் கல்யாணம். தாம்பூலம் வைத்துக் கொடுக்க 20 கொட்டான்கள் கேட்டிருக்கிறார். பணத்தையும் முன்னதாகவே வங்கிக்கு அனுப்பிவிட்டார்.

இந்தப் பக்கம் பேச்சைக் கேட்பவர், காரைக்குடி அருகே ஒரு கிராமத்தில் கொட்டான் பின்னும் ஒரு தாய். ஒரு கொட்டான் 400 ரூபாய். இருபதுக்கு 8 ஆயிரம் ரூபாய். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்தப் பணம் ஆகும் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். பெயர் வேண்டாம். கைத்தொழில் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கும் எந்த வீட்டிலும் இந்தப் பேச்சு எழக்கூடும்.

அந்தத் தாய் என்ன எழுத வேண்டும்? "ஒரு வார்த்தைதானே, கேட்டபடி எழுதிக் கொடுத்தால் என்ன?" என்று தோன்றலாம். அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம்.

ஏன் இந்த ஆசை?

டொரண்டோப் பெண் சும்மா கேட்கவில்லை. அவர் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு.

கனடாவில் இருப்பவருக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவர் அன்பாக ஒரு பொருளை அனுப்பினால், 60 கனடா டாலர் மதிப்பு வரை அதற்கு வரி இல்லை. ஆனால் அதே பொருளைக் காசு கொடுத்து வாங்கினால் கதை வேறு. இந்தியாவிலிருந்து தபாலில் வரும் சரக்கு 20 கனடா டாலரைத் தாண்டினாலே வரி உண்டு.

டொரண்டோ நகரம் ஒண்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது. அங்கே விற்பனை வரி நூற்றுக்கு 13. எட்டாயிரம் ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் 1,040 ரூபாய் வருகிறது. பார்சலைக் கொண்டு வந்து வரியை வசூல் செய்வதற்காகத் தபால் இலாகா வாங்கும் கட்டணம் தனி. சில பொருள்களுக்குச் சுங்கத் தீர்வையும் சேரும்.

இந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் "அன்பளிப்பு என்று எழுதுங்கள்" என்ற வேண்டுகோள். 3 ஆயிரம் ரூபாய் என்று போட்டால் மதிப்பு 60 டாலருக்குள் அடங்கிவிடும்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மிச்சமாகும் பணம் வாங்குகிறவருக்கு. காகிதத்தில் கையெழுத்துப் போடுவதோ விற்கிறவர்!

உலகம் முழுவதும் ஒரே பாரம்

கடல் கடந்து போகும் ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சுங்கச் சீட்டு ஒட்டப்படும். உள்ளே என்ன இருக்கிறது, என்ன விலை, எதற்காகப் போகிறது என்பதை அந்தச் சீட்டு சொல்லும்.

இந்தச் சீட்டு எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரி இருக்கும். அதற்குக் காரணம் உலகத் தபால் சங்கம். 1874-ம் ஆண்டு அக்டோபர் 9-ந் தேதி, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்து அந்தச் சங்கத்தை அமைத்தன. இந்தியா 1876-ல் சேர்ந்தது. அக்டோபர் 9-ந் தேதியை உலகத் தபால் தினமாக இன்றும் கொண்டாடுகிறார்கள்.

சுங்கச் சீட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றின் பெயர் 'சி.என். 22'. மற்றொன்று 'சி.என். 23'. இரண்டு கிலோவுக்கு உட்பட்ட, மதிப்புக் குறைந்த சிறு பொட்டலங்களுக்கு 22 போதும். அதற்கு மேற்பட்ட பார்சலுக்கு 23 வேண்டும். அதில் கேள்விகள் அதிகம்.

நம் தாயின் பார்சல் எவ்வளவு எடை? ஒரு கொட்டான் 100 கிராம் என்றால் இருபதும் சேர்ந்து 2 கிலோ. அட்டைப் பெட்டி 400 கிராம். ஆக மொத்தம் 2 கிலோ 400 கிராம். எனவே அவருக்கு 23-ம் எண் பாரம்.

ஆறு கேள்விகள்

பாரத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். கட்டம் கட்டமாக, ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் நிதானமாகப் பார்த்தால் அது கேட்பது முக்கியமாக ஆறு கேள்விகள்தான்.

1. யார் அனுப்புகிறார், யாருக்குப் போகிறது? இருவருடைய முழு விலாசமும் டெலிபோன் எண்ணும் வேண்டும்.

2. உள்ளே என்ன இருக்கிறது? 'கைவினைப் பொருள்' என்று மொட்டையாக எழுதக் கூடாது. களிமண் பொம்மையும் கைவினைப் பொருள்தான். பித்தளை விளக்கும் கைவினைப் பொருள்தான். 'பனை ஓலையில் கையால் பின்னிய கூடை' என்று எழுத வேண்டும். என்ன பொருள், எதனால் செய்தது என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும்.

3. எத்தனை, என்ன எடை? 20 கூடை. பொருளின் எடை 2 கிலோ. பெட்டியோடு சேர்த்து 2 கிலோ 400 கிராம். இரண்டையும் தனித்தனியே காட்ட வேண்டும்.

4. என்ன விலை? வாங்கியவர் கொடுத்த விலை. 8 ஆயிரம் ரூபாய்.

5. எந்த நாட்டில் செய்தது? இந்தியா.

6. எதற்காக அனுப்புகிறீர்கள்? இங்கேதான் 'அன்பளிப்பு', 'மாதிரிச் சரக்கு', 'விற்பனைப் பொருள்' என்று கட்டங்கள் இருக்கும். ஒன்றில் குறி போட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்து. 'மேலே சொன்னதெல்லாம் சரி' என்பதற்கான ஒப்புதல் அது.

இன்னொரு கேள்வியும் உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. பார்சல் உரியவரிடம் சேராவிட்டால் என்ன செய்வது? திருப்பி அனுப்பலாமா, அல்லது அங்கேயே விட்டுவிடலாமா? திருப்பி அனுப்பச் சொன்னால், அந்தத் தபால் செலவு அனுப்பியவர் தலையில் விழும். 200 ரூபாய்ப் பொருளுக்கு அது கட்டுப்படியாகாது. 8 ஆயிரம் ரூபாய்ப் பொருளை விட்டுவிடவும் மனம் வராது. யோசித்துக் குறி போட வேண்டும்.

கூடைக்கு ஓர் எண்

பொருளின் பெயரோடு ஓர் எண்ணும் எழுத வேண்டும்.

தமிழில் கூடை என்போம். வேறு மொழியில் வேறு பெயர். கனடாவில் இருக்கும் சுங்க அதிகாரிக்குக் கொட்டான் என்றால் என்ன தெரியும்? அதனால் உலகத்தில் விற்கும் சரக்குகளை எல்லாம் வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு இலக்க எண் கொடுத்திருக்கிறார்கள். 1988-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி இந்த முறை நடைமுறைக்கு வந்தது. இன்று 200-க்கு மேற்பட்ட நாடுகளும் பிரதேசங்களும் இதைப் பின்பற்றுகின்றன.

ஓலை, நார், பிரம்பு போன்றவற்றால் பின்னிய பொருள்கள் 46-வது அத்தியாயம். அதில் கூடை முடைதல் 4602. மூங்கிலும் பிரம்பும் அல்லாத மற்றத் தாவரப் பொருளால் பின்னியது என்றால் 460219. கொட்டானுக்கு உரிய இடம் இதுதான். இந்தியாவில் இதற்குப் பின்னே இன்னும் இரண்டு இலக்கம் சேர்த்து எட்டு இலக்கமாக எழுதுகிறார்கள்.

எண் தவறினால் என்ன ஆகும்? அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கூடைக்கு அத்தியாயமே வேறு, அது 39. அந்த எண்ணைப் போட்டு ஓலைக் கூடையை அனுப்பினால், வரி மாறிப் போகும். காகிதம் ஒன்று சொல்கிறது, பெட்டி வேறொன்று சொல்கிறது என்று அதிகாரி நிறுத்தி வைப்பார். கல்யாண நாள் காத்திருக்குமா?

பத்து எழுத்து அடையாளம்

வெளிநாட்டுக்குச் சரக்கு விற்கிறவருக்கு ஓர் அடையாள எண் தேவை. அதை 'ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு' என்பார்கள். மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் அதைக் கொடுக்கிறது.

பெரிய கம்பெனிக்குத்தான் இது கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். ஓலை பின்னும் ஒரு தனி ஆளும் வாங்கலாம். வருமான வரி 'பான்' அட்டையும் வங்கிக் கணக்கும் இருந்தால் இணையத்தில் விண்ணப்பம் செய்யலாம். கட்டணம் 500 ரூபாய். பான் அட்டையில் உள்ள பத்து எழுத்தே இந்தக் குறியீடாகவும் அமையும்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் மாதத்துக்குள் இணையத்தில் போய், 'விவரம் சரியாக இருக்கிறது' என்று உறுதி செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. செய்யாமல் விட்டால் குறியீடு செயலிழந்துவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்குத் தங்கை வேட்டி அனுப்புகிறாள். அதற்கு இந்தக் குறியீடு தேவையில்லை. அது வியாபாரம் அல்ல. உண்மையான அன்பளிப்பு அதுதான்!

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு. ஏற்றுமதிச் சரக்குக்கு அந்த வரி இல்லை. ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஓர் உறுதிக் கடிதம் பதிவு செய்தால், வரி கட்டாமலேயே சரக்கை அனுப்பலாம். பதிவு யாருக்குத் தேவை என்பது தொழிலைப் பொறுத்தது. கணக்கு எழுதுகிறவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

சென்னைக்கு ஓட வேண்டாம்

ஏற்றுமதித் தபாலைச் சுங்க அதிகாரி பார்க்க வேண்டும். அவர் இருப்பது வெளிநாட்டுத் தபால் நிலையத்தில். மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை போன்ற நகரங்களில் அவை உள்ளன. காரைக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரு பெட்டிக்காகப் போய் வருவது என்றால் லாபமெல்லாம் ரயிலிலேயே போய்விடும்.

இந்தக் கஷ்டத்தைக் குறைக்க 2022-ல் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. அதன் பெயர் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா'. தமிழில் சொன்னால் தபால் ஏற்றுமதி மையம். நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தபால் நிலையங்களில் இந்த மையங்கள் இயங்குகின்றன.

விற்கிறவர் இணையத்தில் கணக்குத் தொடங்கலாம். வீட்டில் இருந்தபடியே 'தபால் ஏற்றுமதிப் பட்டியல்' என்ற பாரத்தை நிரப்பலாம். சீட்டை அச்சடித்து ஒட்டி, அருகில் உள்ள மையத்தில் பெட்டியைக் கொடுத்து ரசீது வாங்கலாம். சுங்க அதிகாரி கணினியிலேயே பாரத்தைப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்.

பாரத்தோடு விலைப்பட்டியலும் சேர வேண்டும். பாரத்தில் உள்ள பெயர், எண்ணிக்கை, விலை எல்லாம் அதிலும் அப்படியே இருக்க வேண்டும்.

இன்னொரு மாறுதலும் வந்திருக்கிறது. முன்பெல்லாம் சீட்டு பெட்டியோடு போனது. இப்போது பெட்டி புறப்படும் முன்பே, அதன் விவரம் கணினி வழியாகப் போய்ச் சேருகிறது. பெட்டி விமானம் ஏறுவதற்குள், உள்ளே என்ன என்பது அந்த நாட்டுக்குத் தெரிந்துவிடும்!

பொய் எழுதினால்?

இப்போது அந்தத் தாயின் வீட்டுக்குத் திரும்புவோம்.

மகள் கணினி படிக்கிறவள். பாரத்தை அவள்தான் நிரப்புகிறாள்.

"அம்மா, ஆறாவது கேள்வி. அன்பளிப்பு என்று போடவா, விற்பனை என்று போடவா?"

தாய் யோசிக்கிறார். வாங்குகிறவர் நல்ல மனிதர். முன்பணம் கொடுத்தவர். அவர் மனம் கோணக் கூடாது. அடுத்த கல்யாணத்துக்கும் அவர் சொல்லித்தான் நாலு பேர் கேட்பார்கள்.

மகள் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டுகிறாள்.

"அம்மா, வங்கிக்கு வந்தது 8 ஆயிரம். காகிதத்தில் 3 ஆயிரம். மீதி 5 ஆயிரம் எதற்கு வந்தது என்று கேட்டால் என்ன சொல்வாய்?"

கேள்வி சின்னதுதான். பதில்தான் இல்லை! வெளிநாட்டுப் பணத்துக்கும் அனுப்பிய சரக்குக்கும் கணக்கு ஒத்துப் போக வேண்டும் என்பது சட்டம். வங்கி அதைப் பார்க்கும்.

"வழியில் பெட்டி தொலைந்துவிட்டால்? 3 ஆயிரத்துக்கு மேல் நஷ்ட ஈடு கேட்க முடியாது. நாமே 3 ஆயிரம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோமே!"

அதுவும் உண்மை.

"கனடாவில் பெட்டியைத் திறந்து பார்த்தால்? ஒரே மாதிரி 20 கொட்டான். யார் இதை அன்பளிப்பு என்று நம்புவார்கள்?"

சுங்க அதிகாரிகள் தினமும் ஆயிரக்கணக்கான பெட்டிகளைப் பார்க்கிறவர்கள். சந்தேகம் வந்தால் ரசீது கேட்பார்கள். விலையை அவர்களே நிர்ணயம் செய்யவும் முடியும். பெட்டியைப் பறிமுதல் செய்யவும் முடியும்.

நம் நாட்டிலும் சட்டம் சும்மா இல்லை. 1962-ம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 114 ஏஏ என்று ஒரு பிரிவு உண்டு. பொய் என்று தெரிந்தே காகிதத்தில் கையெழுத்துப் போட்டால், பொருளின் மதிப்பைப்போல் ஐந்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம் என்று அது சொல்கிறது. 8 ஆயிரத்துக்கு ஐந்து மடங்கு 40 ஆயிரம்!

யாரோ ஒருவருக்கு ஆயிரத்து நாற்பது ரூபாய் மிச்சம். அதற்காக இந்த வீட்டில் 40 ஆயிரம் ரூபாய் ஆபத்து. இது என்ன கணக்கு?

சட்டம் மாறும்

"போன வருஷம் இப்படித்தானே அனுப்பினோம்" என்று இருந்துவிடவும் கூடாது. சட்டம் திடீரென்று மாறும்.

அமெரிக்காவையே பாருங்கள். பல ஆண்டுகளாக, 800 டாலர் வரை மதிப்புள்ள சரக்குக்கு அங்கே சுங்க வரி இல்லாமல் இருந்தது. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி அந்தச் சலுகை எல்லா நாடுகளுக்கும் நின்றது. வரியை யார் வசூலிப்பது, எப்படிச் செலுத்துவது என்று தெளிவில்லாமல், இந்தியத் தபால் இலாகா ஆகஸ்டு 25-ந் தேதி முதலே அமெரிக்காவுக்குச் சரக்குப் பார்சல் வாங்குவதை நிறுத்தி வைத்தது. பிறகு அக்டோபர் 15-ந் தேதி மீண்டும் தொடங்கியது. அனுப்பும்போதே வரியை இங்கே கட்டிவிடும் முறை அப்போது வந்தது.

ஏழு வாரம்! தீபாவளிக்கு முன் அனுப்பலாம் என்று பெட்டி கட்டி வைத்த சிறு வியாபாரிகள் தவித்துப் போயிருப்பார்கள். ஆகவே, விலை பேசும் முன்பே, அந்த நாட்டில் அன்றைய வரி என்ன என்று தபால் நிலையத்தில் விசாரிப்பது நல்லது.

பொருளையும் பார்க்க வேண்டும். ஓலை, விதை, மரம் போன்றவற்றில் சில நாடுகள் மிகக் கண்டிப்பு. ஆஸ்திரேலியா அப்படிப்பட்ட நாடு. ஓலைக்குள் ஒரு சிறு பூச்சி இருந்தாலும் விடமாட்டார்கள். நன்றாக வெயிலில் காய வைத்து, மண், உமி, பூச்சி இல்லாமல் சுத்தமாக அனுப்ப வேண்டும். ஊறுகாய், வடகம், பொடி போன்ற தின்பண்டங்களுக்குப் பல நாடுகளில் உணவு இலாகாவின் சட்டம் தனியாக உண்டு. கேட்காமல் அனுப்பக் கூடாது.

முதலிலேயே சொல்லிவிடுங்கள்

அந்தத் தாய் என்ன செய்தார்? டொரண்டோவுக்குப் பேசினார்.

"தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதே. நீ காசு கொடுத்து வாங்குகிறாய். நான் விற்கிறேன். காகிதத்திலும் அப்படித்தான் எழுத முடியும். அங்கே வரி வரும். அது எவ்வளவு என்று என் மகள் எழுதி அனுப்புகிறாள். வேண்டுமானால் இரண்டு கொட்டான் கூடுதலாகப் பின்னித் தருகிறேன். அதையும் பட்டியலில் சேர்த்தே எழுதுகிறேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி அக்கா, வரியை நானே கட்டிக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு முன்னே வந்தால் போதும்" என்று பதில் வந்தது.

இந்தப் பேச்சைப் பணம் வாங்கும் முன்பே பேசியிருந்தால் சங்கடமே இல்லை. விற்கிறவர்கள் கற்க வேண்டிய பாடம் இது. விலை சொல்லும்போதே, "உங்கள் நாட்டு வரி உங்களைச் சேர்ந்தது" என்று எழுத்தில் சொல்லிவிட வேண்டும். வாங்குகிறவருக்கு வீட்டு வாசலில் அதிர்ச்சி இராது. விற்கிறவருக்குத் தர்மசங்கடம் இராது.

மகள் பாரத்தைத் திருத்தினாள். 22 கூடை. பொருளின் எடை 2 கிலோ 200 கிராம். இருபதின் விலை 8 ஆயிரம். இனாமாகச் சேர்த்த இரண்டுக்கும் அவற்றின் மதிப்பைத் தனி வரியில் காட்டினாள். ஆறாவது கேள்வியில் 'விற்பனைப் பொருள்' என்ற கட்டத்தில் குறி போட்டாள்.

தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. தமிழில் எழுத்துக் கூட்டிப் படிப்பார், கையெழுத்துப் போடுவார். பேனாவை வாங்கியவர் உடனே கையெழுத்துப் போடவில்லை.

"முதல் வரியிலிருந்து தமிழில் படித்துச் சொல்" என்றார்.

மகள் படித்தாள். தாய் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தலையாட்டினார். கூடை, சரி. எடை, சரி. விலை, சரி. விற்பனை, சரி. அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

பார்சலோடு நாம் கனடாவுக்குப் போக முடியாது. அங்கே அதிகாரி கேள்வி கேட்டால் பக்கத்தில் நின்று பதில் சொல்லவும் முடியாது. நமக்காகப் பேசுவது அந்த ஒரு காகிதம்தான். ஆகவே, யார் நிரப்பிக் கொடுத்தாலும் சரி, படிக்கச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ரசீதையும் பாரத்தின் நகலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்!